ஒரு துண்டு, மூன்று வேளை

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்த மூன்றாம் நாள் காலையில் கம்ப்யூட்டர் அவருக்குப் பச்சை காட்டியது. பச்சை என்றால் பயமில்லை, இதயத் துடிப்பு தாறுமாறாகப் போக வாய்ப்புக் குறைவு, மானிட்டர் வேண்டாம், வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அர்த்தம். நர்ஸ் பெண்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தப் பச்சையை நம்பக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரியில் நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொய்யை ஊட்டி வளர்த்தவளே நான்தானே.

இப்போது நான் அங்கே வேலையில் இல்லை. யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள், நான் என்னையே திட்டாத திட்டு ஒன்றும் புதிதாக இருக்காது.

1993-ல் திண்டிவனத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஈசிஜி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. மெஷின் ஒரு சூட்கேஸ் அளவுக்கு இருக்கும். கை கால்களுக்கு நாலு கிளிப், மார்பில் ஒட்ட ரப்பர் பல்பு, கீழே குளிர்ந்த ஜெல்லி. பட்டனைத் தட்டினால் சூடான ஊசி ஒன்று தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடா மாதிரி தாள் வெளியே வரும். அதைக் கத்தரித்து, கோந்து தடவி, கேஸ் ஷீட்டில் ஒட்டி, மேலே நேரத்தை எழுத வேண்டும். நெஞ்சுவலி என்று படுத்திருப்பவர்களுக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் எடுக்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம்.

பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து படுத்திருந்தார். பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட முந்தானை நழுவாதபடி உட்காருகிறவர். காலையில் எடுத்தேன். மதியம் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனதும் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காலைலதான பாத்த. அதுக்குள்ள மறுபடியும் அவுக்க சொல்றியே, நான் இன்னா மாடா?" என்றார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"அவுரு சொல்லுவாரு. அவுருக்கு இன்னா."

நான் மெஷினைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். காலையில் எடுத்த தாள் கொஞ்சம் நீளமாகவே ஓடியிருந்தது, மீதியைச் சுருட்டி வைத்திருந்தேன். அதை இரண்டாக வெட்டி, ஒன்றுக்கு மேலே மதியம் ஒரு மணி என்றும், இன்னொன்றுக்கு மாலை ஆறு மணி என்றும் எழுதி ஒட்டினேன். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீட்டா வெச்சிருக்க" என்றார். அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அது எனக்கு வழக்கமாகிவிட்டது. இரக்கத்தில்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி இரக்கம்தான். மீதி, மத்தியானத்தில் போகிற கரண்ட்டும், என் சோம்பலும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து விழுப்புரத்தில் இதய ஆபரேஷன் செய்கிற தனியார் ஆஸ்பத்திரி ஒன்று வந்தது. அங்கே சேர்ந்தேன். அதற்குள் எனக்குக் கல்யாணமாகியிருந்தது. வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. காலையில் அவர் மொபெட்டில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிடுவார், பாசஞ்சரில் ஏறி விழுப்புரம் போவேன், பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்புவேன். வெள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறேன் என்று அவருக்குப் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் என் பெண்சாதி ஆர்ட்டு டாக்டருக்கு அடுத்தபடி என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பைபாஸ் முடிந்தவர்கள் முதல் இரண்டு நாள் ஐசியூவில் மானிட்டரோடு இருப்பார்கள். பிறகு வார்டு. வார்டில் மானிட்டர் கிடையாது. அங்கேயும் அதே சட்டம்தான், நாலைந்து நாளைக்கு மூன்று வேளை ஈசிஜி. ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சில பேருக்கு இதயத்தின் மேலறைகள் நடுங்க ஆரம்பித்துவிடும். துடிப்பு ஒழுங்கு தப்பும், வேகமாக, கோணல் மாணலாக ஓடும். அதை விட்டுவிட்டால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். காலையில் சாதுவாக இருக்கிற இதயம் மத்தியானம் இந்த ஆட்டம் ஆடிவிட்டு, டாக்டர் வருவதற்குள் ஒன்றும் தெரியாத மாதிரி அடங்கிவிடும். அதைப் பிடிக்கத்தான் மூன்று வேளை. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்த நோயாளிகளைப் பார்க்க வேண்டுமே. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். சாய்ந்து உட்கார்ந்திருப்பவரை ஈசிஜிக்காக மல்லாக்கப் படுக்க வைத்தாலே முகம் கோணிக்கொள்ளும். காலையில் எடுத்துவிட்டுத் துடைக்கிற ஜெல்லியின் ஈரம் காய்வதற்குள் மதியம் வந்துவிடும். அதனால் காலையில் ஒரே தடவை நீளமாக ஓடவிட்டு மூன்றாக வெட்டினேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கும் அதையேதான் சொன்னேன். "ஒரே வாட்டி நீளமா ஓட்டிக்கோ. சும்மா சும்மா போயி படுங்க படுங்கன்னு அவங்கள பேஜாரு பண்ணாத." அவர்களும் அப்படியே செய்தார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். வருஷா வருஷம் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். மாமியாரோடு சண்டை போட்டதைச் சொல்வேன், பூசைக்குப் போகாததைச் சொல்வேன், கோள் சொன்னதைக்கூடச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதே இல்லை. இது பாவப் பட்டியலில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையிலிருந்து நாலு இன்ஜினீயர்கள் வந்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார், ஆறு கட்டில் போட்டு ஒரு மானிட்டர் அறை கட்டப் போகிறோம், யாரை அங்கே வைப்பது, யாரை நேராக வார்டுக்கு அனுப்புவது என்று கம்ப்யூட்டர் சொல்லும் என்று. செயற்கை நுண்ணறிவு என்று போர்டில் எழுதினார். பழைய கேஸ் ஷீட்டுகளை எல்லாம் அதற்குக் காட்டினால், எந்த மாதிரி ஆளுக்குத் துடிப்பு கெடுகிறது, எந்த மாதிரி ஆளுக்குக் கெடுவதில்லை என்று அது தானே கற்றுக்கொள்ளுமாம். பிறகு புது நோயாளி வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சொல்லுமாம். பழைய தாள்களை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரமும் துடிப்பும் பதிந்து கொடுக்க அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது மூச்சு முட்டல். ரெக்கார்டு அறையில் என்னையும் ஒரு கம்ப்யூட்டரையும் உட்கார வைத்து, சுற்றிலும் நான் வெட்டி ஒட்டிய தாள்களைக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டார்கள். ஆறு மாதம் அதற்குள்ளேயே கிடந்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து, காலை ஒழுங்கு, மதியம் ஒழுங்கு, மாலை ஒழுங்கு என்று தட்டிக்கொண்டே போனேன். மதியத்துக்கும் மாலைக்கும் இடத்தைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் நான் மட்டுமில்லை, நான் பழக்கிவிட்ட நாலு பெண்களும் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும். மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். சொல்ல வாய் திறப்பேன், அவள் ஞாபகம் வரும், மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் விக்கிரவாண்டிப் பக்கத்து வாத்தியார் ஒருவருடைய கேஸ் ஷீட் கைக்கு வந்தது. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று துண்டு. வெட்டிய விளிம்பை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்தும். மறுநாள் பக்கத்தில் நர்ஸ் எழுதியிருந்தார், விடியற்காலையில் இடது கையும் இடது காலும் வரவில்லை, வாய் கோணியிருக்கிறது என்று. முந்தின நாள் மாலையில் நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். தெரியாமலும் இருந்திருக்கும். அந்த இரண்டில் எது என்று இந்த ஜென்மத்தில் எனக்குத் தெரியப் போவதில்லை. மாலை ஒழுங்கு என்று தட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். ஆமாம், அதைத்தான் செய்தேன்.

இன்ஜினீயர்களில் ஒரு பெண் கெட்டிக்காரி. ஒரு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, உங்க ஊரு பேஷண்ட்டுங்களுக்கு மட்டும் சாயங்காலமானா ஹார்ட் ரொம்ப சமத்தா இருக்கே, எப்படி?" என்று கேட்டாள்.

"கேப்பக்கூழு குடிச்ச ஒடம்புமா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தது. கேலி பேசி அதைத் தள்ளிவிட்டேன்.

மானிட்டர் அறையைத் திறந்த அன்றைக்கு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். "இந்த புரோகிராமுக்கு நாங்க எல்லாம் அப்பா, இவங்கதான் அம்மா" என்று பெரிய டாக்டர் மைக்கில் சொன்னார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கம்ப்யூட்டர் சொன்ன நிறத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டார்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இனி மூன்று வேளை ஈசிஜி வேண்டாம், காலையில் ஒன்று போதும் என்று சுற்றறிக்கை வந்தது. நான் பொய்யாக எழுதிய மாலை வேளையை இப்போது உண்மையாகவே நீக்கிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு மாடி ஏறும்போது நெஞ்சை அடைத்தது. மூன்று இடத்தில் அடைப்பு. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். வேறு எங்காவது போகலாம் என்றேன். அவர் விட்டால்தானே.

"நீ வேலை செய்யற எடம். அதுவும் அந்த கம்ப்யூட்டரு இருக்கு. டாக்டரு மறந்துடுவான், மெஷினு மறக்காது. மீட்டர புடிச்சா இருக்கறத சொல்லும். நான் இன்னா இத்தினி வருஷமா பாக்காத மெஷினா" என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. மூன்றாம் நாள் காலையில்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பச்சை வந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனார்கள், கூடவே நானும் போனேன். கால்மாட்டில் பச்சை அட்டையை மாட்டினார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஈசிஜி எடுத்தால் அந்தப் பத்து விநாடி தெரியும், அடுத்த நிமிஷம் தெரியாது. மானிட்டர் கேட்டால் பச்சைக்கு எதற்கு மானிட்டர் என்பார்கள். விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"கல்யாணத்தன்னிக்கு கூட இவ்ளோ நேரம் எங்கைய புடிச்சது இல்லடி நீ" என்றார் அவர். சிரித்தால் தையல் வலிக்கும், அதனால் சிரிக்காமல் சொன்னார்.

"பேசாம தூங்குங்க."

"இன்னா பயம் ஒனக்கு? அதான் பச்ச போட்டாங்களே."

அவர் தூங்கினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சாப்பிடப் போகச் சொன்னார்கள், போகவில்லை. பாத்ரூமுக்குக்கூட மகளை உட்கார வைத்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் ஓடினேன். இரண்டரை மணி வாக்கில் விரலுக்குக் கீழே துடிப்பு குழறியது. ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை, பிறகு நாலு ஒன்றாக ஓடின. சரியான இடைவெளி எதற்கும் இல்லை. கத்தி நர்ஸைக் கூப்பிட்டு, மெஷின் வந்து, கிளிப் மாட்டுவதற்குள் அது அடங்கிவிட்டது. தாளில் அழகான கோடு வந்தது.

டியூட்டி டாக்டர் தாளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "நார்மல்தான் சிஸ்டர். நீங்க டென்ஷனா இருக்கீங்க. உங்க புரோகிராமே கிரீன் குடுத்திருக்கு, அப்புறம் என்ன?" என்றார்.

உங்க புரோகிராம். அந்த வார்த்தையைக் கேட்டதும் மகளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, பெரிய டாக்டர் அறைக்கு ஓடினேன். அனுமதி கேட்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றேன்.

"சார், அவர மானிட்டர் ரூமுக்கு மாத்துங்க. துடிப்பு கெட்டுச்சு, நான் பாத்தேன்."

"ஈசிஜி?"

"நார்மல். ஆனா அந்தப் பச்சை தப்பு சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

சொன்னேன். நீளமாக ஓட்டியது, மூன்றாக வெட்டியது, நேரம் எழுதியது, மற்ற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, கம்ப்யூட்டருக்குத் தட்டிக் கொடுத்தது. விக்கிரவாண்டி வாத்தியாரையும் சொன்னேன். மாலையில் யாருக்குமே துடிப்பு கெடாது என்று அது கற்றுக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்றேன். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து சார்."

போனை எடுத்தார். மானிட்டர் அறையில் ஆறாம் கட்டில் காலியா என்று கேட்டார். காலி. என் வீட்டுக்காரரை உடனே அங்கே மாற்றச் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க ஹஸ்பெண்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன். நீங்க இப்ப சொன்னது இந்த ரூமோட இருக்கட்டும். போன மாசம்தான் டெல்லில இந்த புரோகிராமைப் பத்திப் பேசிட்டு வந்திருக்கேன். நாலு ஆஸ்பத்திரில கேட்டிருக்காங்க. புரியுதா?"

தலையாட்டினேன். கட்டாயத்துக்கு ஆட்டவில்லை, சந்தோஷமாக ஆட்டினேன். ஆறாம் கட்டில் கிடைத்துவிட்டது, அவர் பிழைத்துக்கொள்வார், அதற்கு மேல் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வார்டில் இன்னும் பச்சை அட்டையோடு படுத்திருந்தவர்கள் ஒருவர்கூட என் நினைவுக்கு வரவில்லை. இன்றைக்கும் என்னை அறுப்பது நான் வெட்டி ஒட்டியதைவிட அந்தத் தலையாட்டல்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மானிட்டர் அலறியது. திரையில் கோடு கோணல் மாணலாக ஓடியது. உடனே மருந்து ஏற்றினார்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் துடிப்பு வழிக்கு வந்தது. நான் மாதாவுக்கு நன்றி சொல்லி அழுதேன். அவர் கண்ணைத் திறந்து, தலைமாட்டில் இருந்த திரையைக் கையால் காட்டினார்.

"இந்த கம்ப்யூட்டருதான புடிச்சிது?"

"ஆமாங்க" என்றேன்.

அதோடு என்னை நானே அந்தப் பொய்க்குள் பூட்டிக்கொண்டேன். அவர் வீட்டுக்கு வந்ததும் நன்றிப் பூசை வைத்தார். சாமியார் பிரசங்கத்தில் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் புகழ்ந்தார், வீட்டுக்காரர் சொல்லச் சொன்னதுதான். கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதை. பெருமுக்கல், மயிலம், ஒலக்கூர் என்று எங்கேயிருந்து யார் வந்தாலும், நெஞ்சுவலி என்றால் விழுப்புரத்துக்குப் போங்க, அங்க ஒரு கம்ப்யூட்டரு முன்னாடியே சொல்லிடும் என்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் முதல் பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், வேலை முடிந்ததும் வார்டுக்குப் போய்ப் பச்சை அட்டைக்காரர்களின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரயிலேறுவேன். நல்ல அம்மா என்று நோயாளிகள் சொல்வார்கள். இரண்டு மாதத்தில் என்னை ரெக்கார்டு அறைக்கு நிரந்தரமாக மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வு, ஏசி அறை, வார்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்று ஆர்டரில் போட்டிருந்தது.

அடுத்த வருஷம் என் மூத்தாருக்கு, அதாவது வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு, அதே வலி. பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைத்துக்கொண்டிருப்பவர். அப்பா இல்லாத வீட்டில் என் வீட்டுக்காரரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். புதுச்சேரிக்குக் கூட்டிப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"என்ன காப்பாத்தன எடத்த உட்டுட்டு எங்கண்ணன வேற எங்கியோ இட்டுக்கினு போக சொல்றியே, ஒனக்கு புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று சத்தம் போட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. அண்ணனுக்குச் சிவப்பு வர வேண்டும், சிவப்பு வந்தால் மானிட்டர் கிடைக்கும் என்று இரண்டு நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன். சொந்த மனுஷருக்கு ஆபத்து அதிகம் என்று வர வேண்டுமென்று செபமாலை சொல்லுகிற பிழைப்பு என் பிழைப்பு.

மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணிக்கு என் வீட்டுக்காரர் ரெக்கார்டு அறைக்கு வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"அண்ணனுக்கும் பச்ச வந்துடுச்சி. வார்டுல போட்டுட்டாங்க. எனக்கு மாதிரியேதான்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவரை உட்கார வைத்துச் சொன்னேன். பிரம்மதேசத்து அம்மாவிலிருந்து பெரிய டாக்டர் அறை வரைக்கும் எல்லாவற்றையும். "ஒங்களுக்கும் பச்சைதான் காட்டிச்சு அது. ஒங்க துடிப்பு கெட்டத அது கண்டுபுடிக்கல. நான் காலைலேர்ந்து ஒங்க கைய புடிச்சிக்கினு இருந்தேன், அதனால தெரிஞ்சிது."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சுற்றியிருந்த தாள் அடுக்குகளைப் பார்த்தார். ஒரு தாளை இழுத்துப் பிரித்து, ஒட்டியிருந்த மூன்று துண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப மீட்டரே பொய்யி" என்றார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இப்ப எங்கண்ணன் கைய யாரு புடிச்சிக்கினு இருக்காங்க?"

எழுந்தேன். அவர் பெரிய டாக்டர் அறைப் பக்கம் நடந்தார், இந்த முறை பேச வேண்டியதை அவரே பேசிக்கொள்வதாகச் சொன்னார். நான் மாடிப்படி ஏறி வார்டுக்கு ஓடினேன்.

மூத்தார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் எதிரில் உட்கார்ந்தது கிடையாது. தண்ணீர் கொடுத்தாலும் கீழே வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கை படுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவருக்கு ஈசிஜி எடுக்கக்கூட வேறொரு பெண்ணைத்தான் அனுப்பினேன். என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் பதறிக் கையை இழுத்தார்.

"வேணாம்மா. நீ இன்னாத்துக்கு இதெல்லாம். நர்சு பாத்துக்குவாங்க."

"இருக்கட்டும் மாமா" என்றேன். விடவில்லை.

எண்ணினேன். ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் எண்ணினேன், இன்னொரு நிமிஷம் எண்ணினேன், அப்போதும் ஒழுங்காகத்தான் இருந்தது. அது அந்த இரண்டு நிமிஷத்துக்கு மட்டும்தான் என்பதால் விரலை எடுக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் செஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, அவுருக்குப் பாத்துட்டு எனக்கும் கொஞ்சம் பாக்கறியா? மத்தியானத்துலேர்ந்து நெஞ்சு ஒரு மாதிரி படபடங்குது. சொன்னேன், பச்சதான், ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றார்.

இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டையும் பிடித்தேன். ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை, பிறகு மூன்று ஒன்றாக ஓடின. நர்ஸைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில். எல்லாவற்றிலும் பச்சை அட்டை தொங்கியது. என் இரண்டு கையும் நிறைந்துவிட்டது.